பாட்பெர்க் போடாத கையெழுத்து

இங்கோ பாட்பெர்க்கை எங்கள் ஊரில் 'அரிவாள்' என்றுதான் சொல்வார்கள். இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன். பந்து தப்பினால் தப்பட்டும், ஆள் தப்பக்கூடாது என்று ஆடியவன். பிராக்கன்ஃபெல்ட் கால்பந்து கிளப்புக்காக முந்நூற்றுப் பதினொரு ஆட்டம் ஆடி, எழுபத்தெட்டு மஞ்சள் அட்டை வாங்கி, நாலே நாலு கோல் போட்டான். அந்த நாலில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே போனது, அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறான் என்று பெட்டிக்கடை கிஸெலா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் அந்தக் கிளப்பில் துணி துவைத்தவன். சட்டை, காலுறை, காலணி, பந்து எல்லாம் இருபத்தாறு வருஷம் என் பொறுப்பில் இருந்தன. பெயர் கோட்டுல்லா. முதல் பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை. ஒருவனுடைய சட்டையைத் துவைத்தால் டாக்டருக்குத் தெரியாததும் தெரிந்துவிடும். இங்கோவின் சட்டையில் சேறு எப்போதும் முன்பக்கம்தான் இருக்கும். மல்லாந்து விழுந்து உருண்டு, நடுவரைப் பார்த்து ஓலமிடுகிற பழக்கம் அவனுக்கில்லை.

இருபத்துநாலு வயதில் தெற்கே ஒரு பெரிய கிளப் அவனை அழைத்துக்கொண்டது. இரண்டாம் பிரிவு. ஊரே வழியனுப்பியது. இரண்டு வருஷத்தில் மொத்தம் பதினொரு நிமிஷம் மைதானத்தில் நின்றான். மற்ற நேரமெல்லாம் பெஞ்சு. திரும்பி வந்த அன்று கிஸெலாவின் கடையில் யாரோ கேட்டார்கள்.

"என்னடா இங்கோ, அங்க பெஞ்சு நல்லா சூடா இருந்துதாமே?"

"சூடாக்கினதே நான்தான்" என்றான். "இல்லன்னா எல்லாரும் குளிர்ல செத்திருப்பாங்க."

அப்படித்தான் அவன். அடி விழுந்தால் அடுத்த நிமிஷம் எழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டு பேசுவான்.

முப்பத்திரண்டு வயதில் அவன் முட்டி போயிற்று. மூன்றாம் பிரிவுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டம். இடைவேளையில் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அப்போதைய கோச், "ஊசி போட்டா ஆடலாம், ஆடறியா?" என்று கேட்டார். இங்கோ தலையாட்டினான். ஊசி ஏறுவதை ஒரு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். ஜெயித்தோம். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. இறக்கிவிட்ட பிறகு அவன் ஒருநாளும் ஓடவில்லை.

கிளப்பின் தலைவர் ஃபோல்கெர்ட் டீக்ஹாஃப். சமையலறை அலமாரிகள் செய்து விற்கிறவர். வழியனுப்பு விழாவில் இங்கோவின் சட்டையைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் கடையிலேயே விற்பனை வேலை தருவதாகச் சொன்னார்.

"எனக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது" என்றான் இங்கோ. "நான் போய் யாருக்குச் சமையலறை அலமாரி விக்கிறது? மைதானத்துல ஏதாவது வேலை கொடுங்க. என்ன வேலையா இருந்தாலும் சரி."

உதவிப் பயிற்சியாளன் ஆனான்.

உதவிப் பயிற்சியாளன் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கோன்களை மைதானத்தில் அடுக்குகிறவன். அடுத்த வாரம் வரப்போகும் அணியின் ஆட்டப் பதிவை நாலு தடவை உட்கார்ந்து பார்க்கிறவன். கார்னர் அடிக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்று கட்டம் போடுகிறவன். "இந்த வாரம் உனக்கு அணியில் இடமில்லை" என்று ஒரு பையனிடம் கோச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் கார் நிறுத்தும் இடத்தில் அவனோடு அரைமணி நேரம் மழையில் நிற்கிறவன் உதவியாளன்.

இங்கோ அதை ஒன்பது வருஷம் செய்தான். அதற்குள் ஐந்து கோச்சுகள் வந்து போனார்கள். மறுபடியும் நாலாம் பிரிவுக்கு இறங்கினோம். புதிதாக வருகிற ஒவ்வொரு கோச்சும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். ஒரு வாரம் இங்கோவோடு வேலை பார்த்தபின் தன் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு அவனை வைத்துக்கொள்வார். இரண்டு தடவை நடுவழியில் கோச்சைத் துரத்தியபோது இங்கோதான் தற்காலிகமாக அணியைப் பார்த்துக்கொண்டான். முதல் தடவை மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. இரண்டாவது தடவை ஐந்து ஆட்டத்தில் தோல்வியே இல்லை. இரண்டு தடவையும் புது கோச் வந்தார், இவன் திரும்பவும் கோன் அடுக்கப் போனான். தலைமைப் பயிற்சியாளராக இருக்கப் பெரிய லைசன்ஸ் வேண்டும். அதற்கு ஒரு வருஷப் படிப்பு, வாரத்தில் பாதி நாள் கிளப் அவனை விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் டீக்ஹாஃப் அவன் தோளில் கைபோட்டு, "அடுத்த வருஷம் இங்கோ, கண்டிப்பா" என்பார்.

பத்தாவது வருஷம் அன்னெக்கே தோம்ஸ் வந்தார்.

முப்பத்தேழு வயது. வடக்கே கடற்கரைப் பக்கம். பெண்கள் முதல் பிரிவில் பத்து வருஷம் ஆடியவர், பெரிய லைசன்ஸில் அந்த வருஷமே முதலாவதாகத் தேறியவர். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள் என்று டீக்ஹாஃபுக்கு ஆசை. ஊரில் வேறு மாதிரி பேச்சு.

"கோச்சம்மா வந்துட்டாங்களா?" என்றாள் கிஸெலா. "இனிமே டிரெஸ்ஸிங் ரூம்ல பூச்சாடி வைப்பாங்களோ?"

காப்பி வாங்கிக்கொண்டிருந்த இங்கோ, "வச்சா நல்லதுதான். அங்க அடிக்கிற நாத்தம் உனக்குத் தெரியாது" என்றான்.

முதல் நாள் அவர் நேராக என் சலவை அறைக்குத்தான் வந்தார். இங்கோ அங்கே பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதானே பாட்பெர்க்?"

"ஆமா."

"இந்த வேலையை நீங்க எதிர்பாத்தீங்களாம். ஊர்ல கால் வச்சதுலேருந்து மூணு பேர் சொல்லிட்டாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எதிர்பாத்தேன், கிடைக்கல."

"என்மேல கோவம் இருக்கா?"

"உங்கமேல இல்ல. கோனை எங்க அடுக்கணும், சொல்லுங்க."

அவர் நகரவில்லை. "நான் போடற திட்டம் தப்புன்னு உங்களுக்குப் பட்டா என்ன செய்வீங்க?"

"கதவைச் சாத்திட்டு உங்ககிட்ட சொல்வேன். நீங்க கேக்கலன்னா, கதவைத் திறக்கும்போது அது என் திட்டம்தான்."

அன்னெக்கே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமே ஐந்தாறு தடவை இருக்கும்.

சொன்னபடியே கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். என் அறைக்கும் கோச் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். துணி சுழல்கிற சத்தத்தை மீறி எல்லாம் கேட்கும்.

"தடுப்பு வரிசை இவ்வளவு மேல ஏறி நின்னா பின்னாடி ரயிலே விடலாம் கோச்!"

"விடட்டும். நம்ம கோல்கீப்பர் டிக்கெட் செக் பண்ணுவான்."

"அவன் தன் பாக்கெட்டுல இருக்கிற டிக்கெட்டையே தேடற ஆளு!"

வெளியே வந்தால் இங்கோ அந்தப் பையன்களிடம், "ஏறி நில்லுங்கடா, இன்னும் மேல, இன்னும் மேல!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான்.

இலையுதிர் காலம் நன்றாகப் போனது. ஐந்தாம் இடத்தில் இருந்தோம். குளிர்கால விடுமுறை முடிந்து திரும்பியதும் எல்லாம் சரிந்தது. ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு சமநிலை. எங்கள் முன்வரிசைக்காரன் யானிக் ரோவெகாம்ப்பின் தொடைத் தசை வேறு இழுத்துக்கொண்டது. அடுத்த ஆட்டம் கடைசி இடத்தில் இருக்கும் அணியோடு. யானிக் ஆடியே தீருவேன் என்று நின்றான். டீக்ஹாஃபும் வந்து அவனை ஆடவிடச் சொல்லிவிட்டுப் போனார். இங்கோவும் அவன் பக்கம்தான் பேசினான். சுவர் வழியாகக் கேட்டேன்.

"ஒரு ஊசியப் போட்டு அறுபது நிமிஷம் விடலாம் கோச். பையனே கேக்கறான். நானும் அப்படி ஆடினவன்தான்."

"ஆடினீங்க" என்றார் அன்னெக்கே. "இப்ப படி ஏறும்போது கைப்பிடியப் பிடிக்காம ஏற முடியுதா?"

நான் துவைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன்.

"அவனுக்கு இருபது வயசு பாட்பெர்க். அவன் கேப்பான். வேணாம்னு சொல்றதுக்குத்தான் நம்மள வச்சிருக்காங்க. அன்னிக்கு உங்ககிட்ட யாராவது வேணாம்னு சொல்லியிருந்தா?"

"முப்பத்தாறு வயசு வரைக்கும் ஆடியிருப்பேன்" என்றான்.

யானிக் ஆடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கடைசி இருபது நிமிஷம் எங்கள் ரசிகர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் மேடையில் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்கள். "அரிவாளைக் கொண்டா! அரிவாளைக் கொண்டா!" அன்னெக்கே கோட்டோரம் தனியாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்த இங்கோவின் காது சிவந்துபோயிருந்தது. வெட்கத்தில் என்று அப்போது நினைத்தேன். கோபத்தில் என்று பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை டீக்ஹாஃப் ஒரு காகிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

அன்னெக்கேவின் ஒப்பந்தம் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. காரணமில்லாமல் அனுப்ப முடியாது. அதனால் காரணம் தட்டச்சு செய்துகொண்டு வந்திருந்தார். மூன்று விஷயம். பயிற்சிக்குத் தாமதமாக வருகிறார் என்பது ஒன்று. காயம்பட்டவர்களை வற்புறுத்தி ஆடவைக்கிறார் என்பது இன்னொன்று. வீரர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பது மூன்றாவது. அடியில் 'கூட இருந்து கண்டவர்கள்' என்று போட்டு, கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்.

"கோட்டுல்லா, இந்த இடத்துல" என்று விரலை வைத்தார்.

உண்மையா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. துணி துவைப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். மை கொஞ்சம் கலங்கியது.

அதற்கப்புறம் இங்கோவைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அன்னெக்கே அன்று ஊரில் இல்லை.

"படிச்சுப் பாரு. படிச்சிட்டு ஒரு கையெழுத்து. திங்கட்கிழமையிலேருந்து நீதான் கோச். படிப்புக்கும் அனுப்பறேன், இந்தத் தடவை எழுதியே தர்றேன்."

காகிதம் சரசரத்தது. "ரெண்டாவது பாயிண்ட்டு பொய்" என்றான் இங்கோ.

"அப்ப மத்த ரெண்டும் சரியா?"

"அதுவும் பொய்தான். ஆனா ரெண்டாவதுதான் எனக்கு எரியுது."

"எழுதியிருக்கிறதை விடுப்பா. ஊரே உன்னைத்தான் கேக்குது. காதுல விழலையா?"

"ஊர் கேக்குதுன்னா ஊரையே வரிசையா நிக்க வச்சுக் கையெழுத்து வாங்குங்க."

"ஒன்பது வருஷம் காத்திருந்தே இங்கோ. இன்னொரு தடவை நான் வந்து கேக்க மாட்டேன். சனிக்கிழமை ஆட்டம் முடியறதுக்குள்ள சொல்லு."

டீக்ஹாஃபின் கார் கிளம்பிய பிறகு இங்கோ என் அறைக்கு வந்தான். நான் காலுறைகளை ஜோடி சேர்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினாப்பலதான் இருக்கு" என்றான்.

"எனக்கு வேற வழி தெரியலடா."

"எனக்கும்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் நடந்ததை சில்கே பின்னால் எனக்குச் சொன்னாள். அவன் மனைவி, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஆறு மணிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் இவள் கேட்டிருக்கிறாள்.

"உனக்கு அந்த வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். ராத்திரி கனவுல கூட வருது."

"அப்ப போட்டுடு."

அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"என்ன முறைக்கறே? போட மாட்டேன்னா அதை உன் வாயால சொல்லு. நான் சொல்லி நீ விட்டதா இருக்கக்கூடாது. பத்து வருஷம் கழிச்சு என் தலையில போடுவே."

"போட மாட்டேன்" என்றான்.

"சரி. அந்த வெள்ளரிக்கா ஊறுகாயை இப்படித் தள்ளு."

வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு அன்னெக்கேவிடம் சொன்னான். அவர் அவனைத்தான் திட்டினார். "முட்டாள்தனம் பண்ணாதீங்க. நான் எப்படியும் போகப்போறவ. வர்றதை எடுத்துக்கங்க."

"என்னைத் திட்டறது அப்புறம். நாளைக்குக் கார்னர் யார் அடிக்கறாங்க?"

சனிக்கிழமை இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கியிருந்தோம். மழைத் தூறல். மேடையிலிருந்து அதே பாட்டு. வீரர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இங்கோ மட்டும் திரும்பி, காலை இழுத்து இழுத்துப் புல்லைக் கடந்து அந்த மேடையை நோக்கி நடந்தான். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரே ஆரவாரம். வேலிமேல் உட்கார்ந்து பாட்டை நடத்துகிற மிர்கோ, ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் நீட்டினான்.

இங்கோ அதை வாங்கிக்கொண்டான். கூட்டம் அடங்கக் காத்திருந்தான்.

"என் பேரு எனக்குத் தெரியும்" என்றான். "நீங்க கத்தி ஞாபகப்படுத்த வேண்டாம்."

சிரித்தார்கள்.

"என் முட்டி உடைஞ்சப்ப நான் ஆடினேன், நீங்க தோள்ல தூக்கினீங்க. நல்லா இருந்துது. அன்னியோட என் ஆட்டம் முடிஞ்சுது. போன வாரம் அதே மாதிரி ஒருத்தன் ஆடறேன்னு நின்னான். எங்க கோச் வேணாம்னாங்க. அதுக்காக அவங்களை விரட்டப் பாக்கறீங்க. இந்த ஆறு ஆட்டமும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் தோத்தோம். திட்டணும்னா ரெண்டு பேரையும் திட்டுங்க. என் பேரை வச்சு அவங்களை அடிக்காதீங்க. அப்படி ஒரு அரிவாள் இந்த ஊர்ல கிடையாது."

ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தான். முதல் விசில் எங்கிருந்தோ வந்தது, அதன் பின்னால் நூறு விசில். எங்கள் ஊர் மைதானத்தில் விசில் பாராட்டு இல்லை, வசை.

"உனக்காகத்தானடா பாடறோம், பைத்தியக்காரா!" என்று மிர்கோ வேலியிலிருந்து கத்தினான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"எனக்கு வேணாம்!"

நிறைய பியர் இருந்த ஒரு குவளை பறந்து வந்து அவன் தோளில் மோதிக் கொட்டியது. அப்புறம் இன்னொன்று. சொந்த மேடை அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டது அதுதான் முதல் தடவை. அவன் வேகமாக நடக்கவில்லை. வேகமாக நடக்க அவனால் முடியவும் முடியாது. அத்தனை தூரமும் அந்த விசில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தான். நான் உலர்ந்த மேல்சட்டையோடு ஓடினேன்.

"வேணாம் கோட்டுல்லா. இதோடயே உக்கார்றேன். பாக்கறவங்க பாக்கட்டும்."

இரண்டாம் பாதி முழுக்க அன்னெக்கேவின் பக்கத்தில் பியர் நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தான். எண்பத்து மூன்றாம் நிமிஷம் எதிரணிக்காரன் ஒருவனின் முதுகில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள் போனது. ஒன்றுக்கு ஒன்று. அழகான கோல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

டீக்ஹாஃபுக்கு அது போதவில்லை. திங்கட்கிழமை பத்திரிகையாளர்களை அழைத்தார். ஆறேழு பேரும் உள்ளூர் வானொலிக்காரரும் வந்திருந்தார்கள். இங்கோவிடம் ஒன்றும் கேட்காமலே அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் அவன் மறுக்கமாட்டான் என்று கணக்கு. நான் பின்னால் தண்ணீர்ப் புட்டிகளை வைத்துக்கொண்டிருந்தேன்.

"பயிற்சிக் குழுவினர் அனைவரும் ஒருமனதாகத் தெரிவித்த கருத்தின்படி" என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அன்னெக்கே தோம்ஸ் விடுவிக்கப்படுகிறார். நம் ஊரின் செல்லப்பிள்ளை இங்கோ பாட்பெர்க் இன்றிலிருந்து பொறுப்பேற்கிறார்.

இங்கோ ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தான்.

"இதுல ரெண்டு தப்பு இருக்கு. அனைவரும்னு சொன்னாரு, நான் கையெழுத்துப் போடல. போடச் சொன்னாங்க, போடல. அதுல எழுதியிருந்தது பொய். பொறுப்பேற்கிறேன்னு சொன்னாரு, ஏற்கல. அவ்வளவுதான்."

கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மைதானத்துச் சாவிகளை அதன் பக்கத்தில் வைத்தான். எழுந்தான்.

"இங்கோ, உக்காரு" என்றார் டீக்ஹாஃப் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒன்பது வருஷமா உக்காந்துதான் இருந்தேன். இப்ப கொஞ்சம் நிக்கிறேன்."

காலை இழுத்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனான்.

ஊர் அவனை எளிதில் விடவில்லை. புது கோச் வந்தார், கடைசி நாளில் கோல் வித்தியாசத்தில் தப்பித்து நாலாம் பிரிவிலேயே நின்றோம். "பாத்தியா, தலைவர் செஞ்சதுதான் சரி" என்றார்கள். ரொட்டிக்கடையில் அவனுக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிஸெலா மட்டும் காப்பியைக் கொடுத்து, "வாய் உனக்கு ஆகாதுடா" என்றாள். அவன் ஒரு கட்டடப் பொருள் கிடங்கில் சிமென்ட் மூட்டைகளை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டினான். யாராவது கேட்டால், "இங்க மூட்டைங்க நான் வைக்கிற இடத்துலயே நிக்குது, ஓடிப்போகல" என்பான்.

அன்னெக்கே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூன் மாதம் விசாரணை. அந்தக் காகிதம் அங்கே வந்தது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் டீக்ஹாஃப் என்னிடம், "எழுதியிருக்கிறதைச் சொன்னா போதும்" என்றிருந்தார். நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "காயம்பட்டவங்களை அவங்க வற்புறுத்தி ஆடவச்சதை நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பலகைச் சுவர் ஞாபகம் வந்தது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றி அன்னெக்கே கேட்டது ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றேன். "நேர்மாறா ஒண்ணைத்தான் கேட்டேன்." கேட்டதைச் சொன்னேன். நிற்காமல் சொல்லி முடித்தேன்.

கிளப் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சமரசத்துக்கு இறங்கியது. மறுநாள் என்னிடமிருந்து சலவை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிந்த அன்று நீதிமன்ற வாசலில் இங்கோ எனக்காகக் காத்திருந்தான். சாட்சி சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பசிக்குது, வா" என்று எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு தட்டு வறுத்த உருளைக்கிழங்கு வாங்கினான். மயோனைஸ் அதிகமாகப் போடச் சொன்னான். எனக்கு அது பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கோடையில் ஹாம்மல்ராத் என்ற ஒரு சின்ன கிளப் எங்கள் பிரிவுக்கு ஏறி வந்தது. அன்னெக்கேவைக் கோச்சாக்கினார்கள். அவர் நேராக அந்தச் சிமென்ட் கிடங்குக்குத்தான் போனார். வண்டியில் உட்கார்ந்திருந்த இங்கோவை அண்ணாந்து பார்த்து, "எனக்கு ரெண்டாவது ஆள் வேணும்" என்றார்.

"உங்ககூட சண்டை போட்டே என் தொண்டை போயிடும்."

"அதுக்குத்தான் கேக்கறேன். தலையாட்டற ஆளுங்க எனக்குக் கிடைப்பாங்க. இன்னொண்ணு, இந்த வருஷமே நீங்க படிப்புக்குப் போறீங்க. வாரம் ரெண்டரை நாள். கிளப்புகிட்ட எழுதி வாங்கிட்டேன்."

"படிச்சிட்டு உங்க நாற்காலியைப் பிடிச்சுட்டா?"

"பிடிச்சுப் பாருங்க."

இங்கோ வண்டியை விட்டு இறங்கினான். "அங்க துணி துவைக்க ஆள் இருக்கா?" என்று கேட்டானாம். அப்படித்தான் நானும் ஹாம்மல்ராத்துக்கு வந்தேன்.

நாற்பத்துமூன்று வயதில், பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து அந்த லைசன்ஸை வாங்கினான். உடனே ஒரு கிளப் கூப்பிட்டது. நல்ல கிளப். ஆனால் அங்கிருந்த கோச்சை இன்னும் அனுப்பவில்லை, அவருக்குத் தெரியாமல் பேசினார்கள். "அந்த ஆளு இன்னும் உக்காந்திருக்காரு. எழுந்து போனப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டான். அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. வருத்தமா என்று கேட்டேன். "ஆமா" என்றான். "அதுக்கென்ன?"

போன அக்டோபரில் பிராக்கன்ஃபெல்ட் மைதானத்தில் எங்களுக்கு ஆட்டம். பேருந்திலிருந்து அவன் இறங்கியதிலிருந்து விசில். பெயர் அறிவித்தபோது விசில். தண்ணீர் குடித்தால் விசில். எங்கள் பையன்கள் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்கடா, பந்தைப் பாருங்க. எனக்கு விசில் புதுசில்ல" என்றான். தொப்பியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நன்றாகத் தெரியட்டும் என்பதுபோலக் கோட்டோரம் அன்னெக்கேவின் பக்கத்திலேயே தொண்ணூறு நிமிஷமும் நின்றான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும் வழியில் டீக்ஹாஃப் நின்றிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். சுற்றிலும் ஆட்கள், படம் பிடிக்கிறவர் ஒருவர். கையை நீட்டினார்.

"பழசை மறந்துடலாம் இங்கோ."

இங்கோ அந்தக் கையைப் பார்த்தான். தன் கைகளை மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நீங்க மறந்துடுங்க. எனக்கு அது ஒண்ணும் பாரமா இல்ல."

பின்னால் நான் அழுக்குத் துணி மூட்டையோடு நின்றிருந்தேன். அவன் ஒதுங்கி எனக்கு வழிவிட்டு, "முதல்ல கோட்டுல்லா போகட்டும், அவன் சுமை பெரிசு" என்றான். நான் டீக்ஹாஃபைத் தாண்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன்.